சண்டி பாராயணத்தின் அடியில் ஓடிய இசை

பாணினீய சிட்சை என்னும் ஒலியியல் நூல் கடைத்தர வாசகர் அறுவரைச் சுட்டுகிறது. பட்டியலில் முதலில் நிற்பவர் பாடுவதுபோல் ஓதுபவர். விரைந்து ஓதுபவர், தலையை ஆட்டுபவர், ஏட்டைப் பார்த்துப் படிப்பவர், பொருள் அறியாதவர், குரல் மெலிந்தவர் ஆகியோர் அவரைத் தொடர்கின்றனர். மறை ஓதுதலில் ஒலிக்கு எத்துணைக் கடும் காவல் இருந்தது என்பதற்கு இதுவே சான்று. அந்தக் காவலைக் கடந்து, சமய நூல் வாசிப்பைச் சூழல் ஒலிக்குள் அமிழ்த்திய பெரும் சோதனை ஒன்று 1930களின் தொடக்கத்தில் கல்கத்தா வானொலியில் நிகழ்ந்தது. அதன் பெயர் ‘மகிஷாசுரமர்த்தினி’.

பிரதி எழுதியவர் பாணிகுமார். இசையமைத்தவர் பங்கஜ் மல்லிக். ஓதியவர் பீரேந்திர கிருஷ்ண பத்ர. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியான தேவி மாகாத்மியத்தை வங்காளிகள் ‘சண்டி’ என்பர்; எழுநூறு மந்திரங்கள் கொண்டது. வானொலி அதை முழுமையாக ஓதவில்லை. தேர்ந்தெடுத்த சுலோகங்கள், இடையிடையே வங்க உரைநடை, பாடல்கள் என ஏறத்தாழ ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாக வகுத்தது. சங்கொலியுடன் தொடங்கும், பின்னர்க் குரலின் அடியில் கருவியிசை இழையும்.

இந்த இழைவு தற்செயலாகப் பிறந்தது என்றொரு கதை வழங்குகிறது. இசைக்குழுவில் இருந்த இசுலாமியக் கலைஞர்கள் வங்க உரைநடையையும் சமசுகிருதம் என்றே எண்ணி, நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போயினராம். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்றாம். கதை எவ்வளவு மெய்யோ, மொழியியல் நோக்கில் அது சுவையானது. தற்சமச் சொற்கள் செறிந்த வங்க உரைநடையை ஓதும் தொனியில் படித்தால் இரு மொழிகளின் எல்லை செவிக்கு மங்கிவிடும்.

எதிர்ப்பு எழுந்தது இசையைக் குறித்தன்று, ஓதுபவரின் சாதியைக் குறித்து. பத்ர பிராமணர் அல்லர், காயஸ்தர். அவர் சண்டி ஓதலாமா என்று கேட்டனர். நிகழ்ச்சிக் குழு பின்வாங்கவில்லை. இறுதிப் பகுதியில் அவர் குரல் தழுதழுத்து அழுகையாக உடைவதை இன்றும் ஒலிப்பதிவில் கேட்கலாம். சிட்சை நூலார் இதை எந்தக் குற்றத்தில் சேர்த்திருப்பாரோ!

1960கள் வரை இது பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. மகாளய அமாவாசையன்று விடியுமுன்பே கலைஞர்கள் நிலையத்தில் கூடியாக வேண்டும். பாடகர்கள் மாறினர், பாடல்கள் மாறின. ஒலிநாடாவில் பதிந்த பின்னர் அந்த நெகிழ்ச்சி நின்றது. தெருவில் நடந்து செல்பவர் வீட்டுக்கு வீடு அதே குரலை, அதே மூச்சிடைவெளியோடு கேட்டார். இருள் விலகும் நேரமும் அயல்வீட்டு வானொலியும் அந்தச் சூழல் ஒலியில் கலந்துவிட்டன. ஒலிப்பதிவுக் கூடத்தில் இவற்றைச் செய்ய இயலாது.

1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஆகாசவாணி இதை மாற்றத் துணிந்தது. வங்கத் திரையின் உச்ச நட்சத்திரம் உத்தம் குமார் குரல் கொடுத்தார். ஹேமந்த முகர்ஜி இசையமைத்தார். இருவரும் மக்களின் பேரன்புக்கு உரியவர்கள். ஆயினும் நேயர்களின் சினம் வெடித்தது.  குரல் மாறியதே குற்றமாயிற்று. முன்பு ஓதத் தகுதியுண்டா என்று வினவப்பட்ட அதே குரல்தான் அது. அந்த ஆண்டு துர்க்கா பூசையின் சஷ்டியன்று பழைய ஒலிப்பதிவை நிலையம் மீண்டும் ஒலிபரப்பியது.