பறக்காதவர் வரைந்த வான்போர்

ஜெர்மன், பிரிட்டிஷ் விமானப் படைகள் மோதிய பிரிட்டன் போரின் உச்ச நாளான 1940 செப்டம்பர் 15-ஐ இந்தத் தொடரில் இந்த வாரம் எட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தோம். குறுக்கே ஓர் ஓவியம் வந்துவிட்டது: பால் நாஷ் 1941-இல் தீட்டிய ‘பிரிட்டன் போர்’. ஆறடி அகலக் கேன்வாஸில் தேம்ஸ் முகத்துவாரம் வளைந்து கிடக்கிறது. வலப்புற மேல்வானில் ஜெர்மன் விமானங்கள் வரிசை குலையாமல் வருகின்றன. அந்த வரிசையை உடைக்க எழுந்த பிரிட்டிஷ் விமானங்களின் வெண்ணிற ஆவித்தடங்கள் வானமெங்கும் சுழல்கின்றன. விமானங்களோ கொசு அளவு. விமானியின் முகம் ஒன்றுகூட இல்லை. பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் கேட்டதென்னவோ வீரர்களின் முகங்களைத்தான். தராத நாஷை 1940 முடிவோடு கழற்றிவிட்டது. இந்தக் கதையில் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோயரிங் மட்டும் வில்லனல்ல! கென்னத் கிளார்க் என்ற புண்ணியவான் போர் ஓவியர் குழுவிடம் 500 பவுண்டு ஒதுக்கச் செய்திராவிட்டால் நாஷ் தொடர்ந்திருக்க முடியாது. ஆஸ்துமாவால் வானேறவே முடியாத இந்த மனிதரைவிட உண்மையாக அந்தப் போரை யாரும் வரையவில்லை என்பது என் கட்சி.

விமானப் பட ரசிகர்கள் ஒப்பமாட்டார்கள். பிற்காலத்தில் ராபர்ட் டெய்லர் போன்றோர் வரைந்த பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களில் ஒரு ரிவெட்கூடப் பிசகாது. அச்சுப் பிரதிகளில் போரில் பறந்தவர்களே கையெழுத்திட்டிருக்கிறார்கள், வேறென்ன சாட்சி வேண்டும் என்பார்கள். இயந்திரத்துக்கு அது நல்ல சாட்சி. சண்டைக்கு அல்ல. அந்தப் படங்களில் துரத்துபவனும் தப்புபவனும் ஒரே சட்டத்துக்குள் நிதானமாக நிற்க, நாம் நேரமெடுத்துப் பார்க்கிறோம். உண்மையிலோ, ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளிலும் இருந்த குண்டுகள், விடாமல் சுட்டால் சுமார் 15 விநாடிக்குத்தான் வரும். வீழ்ந்தவர்களில் பலர் தங்களைச் சுட்டவனைக் கண்டதே இல்லை. விமானிகளின் கண்ணை நம்பலாமா என்றால், செப்டம்பர் 15-இன் கணக்கே பதில்: வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது 185, உண்மையில் சுமார் 60. யாரும் புளுகவில்லை, ஒரே விமானத்தைச் சுட்ட பலரும் அதைத் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

நாஷின் ஆறும் கற்பனைதானே, அப்படியொரு காட்சியை எவர் கண்டார் என்று மடக்கலாம். எவரும் காணவில்லைதான். பல வாரப் போரை அவர் ஒரே வானத்தில் மடித்துவைத்தார். ஆனால் பிரிட்டிஷ் போர் விமானப் பிரிவின் தலைவர் டௌடிங்கின் படை அந்தப் போரை நடத்தியதும் ஏறக்குறைய அப்படித்தான்: ரேடாரும் தரைக் கண்காணிப்பாளர்களும் தந்த செய்தியை வைத்து, கட்டுப்பாட்டு அறையின் வரைபட மேஜையில் நீண்ட கோல்களால் அடையாள வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எந்தப் படைப்பிரிவு எப்போது மேலே போக வேண்டும் என்று முடிவானது அந்த மேஜையைப் பார்த்துத்தான்.