குயில் கடன்சொல்லா?

‘கூடு இல்லாதது, ஆகவே கூ-இல், குயில்’ என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு மேடையில் முழங்கக் கேட்டேன். கூடில்லாததைத் தமிழ் ‘கூடிலி’ என்றிருக்கும். அறிவிலி, ஒப்பிலி போல. இதைவிட வருத்தம் தருவது, ‘கோகிலம்’ தேய்ந்தே குயிலாயிற்று என்று படித்தவர்களும் எழுதுவது.

குயிலுதல் என்றொரு வினை தமிழில் உண்டு. ஒலித்தல், இசைத்தல் என்று பொருள். சிலம்பின் அரங்கேற்று காதை படித்தவர்கள் குயிலுவ மாக்களை அறிவர். குழலும் யாழும் தண்ணுமையும் இசைப்பவர்கள் அவர்கள். பறவைப் பெயரிலிருந்துதான் வினை வந்தது என்பார்க்கு ஒரு கேள்வி: தண்ணுமை முழக்கத்தில் குயிலோசையின் சாயல் ஏது? வினையே முந்தியது. கூவு, கூப்பிடு, கூகை எல்லாம் இதன் சுற்றமே. வடமொழிக்காரர் காதில் குயிலின் குரல் கோகிலம் என்று விழுந்தது, இலத்தீன்காரர் தம் ஊர்ப் புள்ளைக் குக்கூலுஸ் என்றார். ஒலிக்கு யாரும் யாரிடமும் கடன்பட வேண்டியதில்லை.

அந்த ஒலியைக் கேட்க, மாசியில் தமிழக-கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் போய்ப் பாருங்கள். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசியடித்த கீழைக்காற்று தணிந்திருக்கும்; பனைகளுக்கிடையே மா பூத்திருக்கும். குளிர்மாதங்களில் பெரும்பாலும் வாய்திறவாத ஆண்குயில் அப்போது தொடங்கும். ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி ஏறும்; உச்சியில் சட்டென்று அறுந்துவிடும். கரிய உடல், இரத்தச் சிவப்பில் கண். புள்ளி விழுந்த பழுப்புப் பெடை ‘கிக் கிக்’ என்பதோடு சரி. புலவர்கள் பாடவைத்த பெண்குயில் பாடுவதில்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நாம் வகுத்திருக்கிறோம். குயிலோ பின்பனியிலேயே அதை அறிவித்துவிடுகிறது.

கேட்ட ஒலியைப் பெயராக்குவது இந்த எல்லையோரத்தில் இன்றும் நடப்பு. இடுக்கி மலைச்சரிவில் ‘அக்கா, அக்கா’ என்று குரலேற்றிக் கத்துவது தமிழர்க்கு அக்காக்குயில். விஷுப்பட்சியின் நான்கு அசைக் குரல் மலையாளிகளுக்கு ‘வித்தும் கைக்கோட்டும்’ என்று கேட்கிறது: விதையும் மண்வெட்டியும். மேட மாதம் பிறந்து விஷு வந்தால் உழவு தொடங்க வேண்டும். உழவன் காதில் வேறென்ன விழும்? இப்படிப் பெயரிடும் மக்கள், நாள்தோறும் கேட்கும் ஒரு புள்ளுக்கு மட்டும் பெயர் தேடி அயல்மொழிக்குப் போனார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. குயிலுவது குயில். அது தமிழ் வினையில் பிறந்த தமிழ்ப் பெயர் என்பதே என் துணிபு.