ஏட்டு மருத்துவமும் செவிப்புலக் காப்பும்

பரராசசேகரம், செகராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்தவை. மல்லாவியைச் சூழ்ந்த வன்னிப் பரப்பிலும் பரியாரிமார் ஏட்டறிவை வழிவழியாகப் பேணினர். எனினும், 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாற்றின் என்னும் புற்றுநோய் மருந்தினை அவ்வேடுகள் அறியா. அம்மருந்து உட்செவியின் மயிர்க்கலங்களை அழிக்கின்றது. அழிந்தவை மனிதரில் மீளத் தோன்றுவதில்லை.

மஞ்சளிலுள்ள குர்க்குமின் எலிகளின் செவியினை ஓரளவு காத்தமை ஆய்வுகளிற் புலப்பட்டுள்ளது. மனிதரில் அஃது இன்னும் நிறுவப்படவில்லை. அமெரிக்காவில் 2022இல் சிறுவர்க்கென அனுமதி பெற்ற காப்பு மருந்து மூலிகையன்று. சோடியம் தயோசல்பேற்று என்னும் உப்பேயாகும்.

ஆகவே, ‘முன்னோர் யாவும் அறிந்தனர்’ என்னும் பெருமிதம் செவிப்புலன் இழக்கும் சிறுவனுக்கு உதவாது. மரபறிவை ஆய்வுக்குட்படுத்துவதே அம்மரபுக்கும் நோயாளருக்கும் நாம் செய்யத்தக்க கடனாகும்.