திண்ணனூர் நாட்டுக் குலவழி மரபு

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் குடும்ப வரலாற்றைக் கூட்டாகக் காத்துவரும் முறையே இங்கே குலவழி மரபு எனப்படுகிறது. நினைவில் வைப்பது, ஊர்க்கூட்டத்தில் சொல்வது, அண்மைக் காலமாக எழுதி வைப்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள் உள்ளன; ஒவ்வொன்றும் ஒரு நாடு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, தேவானூர் நாடு என்ற அந்த வரிசையில் திண்ணனூர் நாடும் ஒன்று. நாடு என்ற சோழர் காலத்து ஆட்சிப் பிரிவின் பெயர் பஞ்சாயத்து ராஜ் காலம்வரை உயிரோடு வந்திருப்பது இந்த மலையின் தனிச்சிறப்பு. மலையாளிகள் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கொல்லிமலை என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவில் வருபவர் வல்வில் ஓரி. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி சங்கப் பாடல்களில் உள்ளது. ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு ஓரி விழா எடுக்கிறது. ஆனால் மலை மக்களின் குலக்கதை ஓரியிடம் தொடங்குவதில்லை. அது காஞ்சிபுரத்தில் தொடங்குகிறது.

காஞ்சியில் அண்ணன் தம்பிகள் மூவர். அங்கே இருக்க முடியாத நிலை வந்தபோது குடும்பத்தோடு மேற்கே வந்தார்கள். மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், இரண்டாமவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது ஒரு பாடம். இன்னொரு பாடத்தில் முதலில் கிளம்பியதே கரிராமன் என்ற சாமிதான். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவரும் அந்தச் சாமியைத் தேடிப் பின்னால் வந்தவர்கள். அதன்படி நடுவண்ணன் போனது பச்சைமலை, சின்னண்ணன் போனது மஞ்சவாடிப் பக்கம். லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, ஹெமிங்வேயின் 1907 திருச்சிராப்பள்ளி கெசட்டியர், எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த குலங்கள் பற்றிய நூல், ரிச்சர்ட்ஸின் 1918 சேலம் கெசட்டியர் ஆகியவை மலையாளிகளைப் பற்றி எழுதிய முக்கியமான அச்சு நூல்கள். குடியேறி ஏறத்தாழ பத்துத் தலைமுறை ஆயிற்று என்று அன்று சொல்லப்பட்டதும் அச்சில் ஏறியது. பத்து என்பதை எண்ணிச் சொன்ன கணக்காக எடுத்துக்கொண்டு ஆண்டு கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. கதையின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மலைகளில் சிதறிக் கிடக்கும் மக்களை அது ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக்குகிறது. யார் மூத்தவர், யார் இளையவர் என்ற வரிசையையும் வைத்துக்கொடுக்கிறது. பாடங்கள் மாறினாலும் இந்த இரண்டும் மாறவில்லை.

அன்றாட வாழ்க்கையில் குலவழி அறிவு அவசியமாவது கல்யாணப் பேச்சு எடுக்கும்போது. ஒரே குலத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மற்ற குலத்தாரில் யார் மாமன் மச்சான் முறை என்று தெரிந்திருக்க வேண்டும். ஜாதகத்துக்கு முன்னால் முறை பார்க்க வேண்டும். அதற்குப் பையனின் பாட்டனார் எந்த ஊர், எந்தக் குலம், அவர் பெண் எடுத்த இடம் எது, அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் முன்பு சம்பந்தம் உண்டா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் முதலிய பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்; தவறாகச் சொன்னால் மூன்றாமவர் மறுப்பார். சாவு வீட்டில் யாருக்குத் தீட்டு, கருமாதியில் யார் முன்னே நிற்பது, கோயிலில் முதல் மரியாதை எந்த வீட்டுக்கு என்பவையும் இதே நினைவைக்கொண்டுதான் தீர்கின்றன. சபையில் பலர் காதில் விழச் சொல்லி, மறுப்பு வராமல் நின்றால்தான் அது வரலாறு. வம்சாவளிச் சங்கம் செய்கிற சரிபார்ப்பு வேலை இங்கே நாட்டுக்கூட்டத்தின் இயல்பான வேலையாக இருந்து வந்திருக்கிறது.

தமிழ்நாட்டு ஊர்களில் இந்தக் குலவழி நினைவுக்கு எழுத்து வடிவமாக நெடுங்காலம் இருந்தது தலைக்கட்டு நோட்டு. கோயில் விழாவுக்கு வரி பிரிக்கும்போது கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. பையனுக்குக் கல்யாணம் ஆனால் அடுத்த விழாவுக்கு அவன் பெயர் தனி வரியாக ஏறும். இறந்தவரின் பெயர் அடிக்கப்படும். பல ஆண்டு நோட்டுகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு குலம் கிளைவிட்ட விதம் தெரிந்துவிடும். வரிக்காக எழுதிய இந்த நோட்டுகளை வரலாற்று ஆவணமாக யாரும் நினைக்காததால் புதிய நோட்டு வந்ததும் பழையது பரணுக்குப் போய்க் கரையானுக்கு இரையாகிறது. ஒரு குலத்தின் வரலாற்றைத் தேட நினைப்பவர் முதலில் ஏறவேண்டிய இடம் அந்தப் பரண். கொல்லிமலையின் மாசி பெரியசாமி கோயிலுக்கும் எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் சேலம், திருச்சி, கரூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் குடிபாட்டு மக்கள், அதாவது குலதெய்வமாகக் கும்பிடுவோர், உண்டு. சமவெளியில் ஊர்விட்டு ஊர் போன குடும்பங்கள் தங்கள் பங்காளிகளைக் கண்டுகொள்ளும் இடமாகவும் இந்த மலைக்கோயில்கள் இருக்கின்றன.

நினைவு வலுவாக இருந்த மலையில் காகிதம் தாமதமாக வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தும், வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்தநாளாயிற்று. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் பதிவேட்டில் சிக்கலை உண்டாக்குகிறது. பெரியசாமி மகன் சின்னப்பன், சின்னப்பன் மகன் பெரியசாமி என்று போகும்போது பட்டாவில் இருக்கும் பெரியசாமி பாட்டனா பேரனா என்பதைக் காகிதம் சொல்லாது. அவர் கட்டிய பெண்ணின் ஊரைச் சொன்னால் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

காகிதம் இல்லாத இந்தக் குறை பழங்குடிச் சான்றிதழ் கேட்கும்போது பெரிதாகிறது. 1989 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர், சார் ஆட்சியர் நிலைக்குப் போனது. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைச் சரிபார்க்க மாநில அளவிலான குழுவும் விசாரணைப் பிரிவும் வேண்டும் என்று வகுத்தது. பூர்வீக ஊர், தெய்வங்கள், சடங்குகள், மணமுறை, ஈமச் சடங்கு ஆகியவற்றை விசாரித்து ஒருவரின் குடியை அறிய வேண்டும் என்றது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு அது, தேவையானதும்கூட. ஆனால் அதன் சுமை உண்மையான பழங்குடிப் பிள்ளையின் தலையிலும் விழுகிறது. கல்லூரியில் இடம் கிடைத்த பெண், தன் பாட்டனாரின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கப்பட்டால் என்ன செய்வாள்? பாட்டனார் பள்ளிக்கூடமே போகாதவர். அவர் எந்தக் குலம், எந்தக் கோயில், யாருக்குப் பங்காளி என்று ஊரே சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறது.

அந்தச் சாட்சிக்குச் சட்டத்தில் தெளிவான இடம் கொடுத்தது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் 2008 விதிகளில் 13-ஆவது விதி, வன உரிமை கோருவதற்கான சான்றுகளை வரிசைப்படுத்துகிறது. பழைய ஆவணங்களில் பெயருள்ள மூதாதையர்வரை போய்ச் சேரும் வம்சாவளி, உரிமை கோராத பெரியவர்களிடம் எழுதி வாங்கிய வாக்குமூலம், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற பழைய அடையாளங்கள் ஆகியவை அதில் உள்ளன. கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. நாட்டுக்கூட்டத்தில் வாய்மொழியாக நடந்த அதே வேலை சட்டத்தின் பெயரால் கிராம சபையில் எழுத்தில் நடக்க இதனால் வழி உண்டாயிற்று. கொல்லிமலையின் குலவழி மரபில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

உலகின் மற்ற இடங்களில் குலவழி தேடும் ஆர்வம் சங்கங்களாக வளர்ந்தது. 1845-இல் பாஸ்டனிலும் 1894-இல் யூட்டாவிலும் வம்சாவளிச் சங்கங்கள் தோன்றின. தமிழரில் குலவழி தேட உதவும் காகிதம் அதிகம் கிடைப்பது கப்பலேறியவர்களுக்கு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் 1,52,184 பேரின் பட்டியலில் தந்தை பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் உள்ளன. மொரீஷியஸில் மோக்கா ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இத்தகைய பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. கரும்புத் தோட்டத்துக்குப் போனவரின் கொள்ளுப்பேரனால் தன் கிராமத்தைக் காகிதத்தில் காட்ட முடிகிறது. மலையைவிட்டு அசையாதவரின் பேரனுக்கு அது முடியவில்லை. ஒருவரைக் கூலியாகக் கணக்கெழுதிய அரசு இன்னொருவரை எழுதத் தேவை காணவில்லை என்பதே காரணம்.

இப்போது செல்போன் உள்ள எந்த இளைஞரும் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்துவிடலாம். பாட்டியைக் கேட்பது மிகவும் முக்கியம். குலவழி ஆண்வழியாகவே சொல்லப்படுவதால் வீட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் இரண்டு தலைமுறைக்குள் மறைந்துபோகிறது. ஆனால் எந்த வீட்டுப் பெண் எந்த நாட்டுக்குப் போனாள், எந்தப் பஞ்சத்தில் யார் வீட்டுச் சாமையைக் கடன் வாங்கினார்கள் என்பதெல்லாம் பெண்களின் நினைவில்தான் இருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி மணமானவர்களுக்கு உரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்பட வேண்டும். தலைக்கட்டு நோட்டில் ஆணின் பெயர் மட்டும் ஏறிய இடத்தில் இங்கே மனைவியின் பெயரும் சேர்ந்து ஏறுகிறது. குலவழியைப் புதிதாக எழுதும் ஊர்கள் பெண்ணின் பெயர், பிறந்த ஊர், பிறந்த குலம் மூன்றையும் அதே வரியில் சேர்த்தெழுதினால் பேரப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்து வேரும் கிடைக்கும். எழுதியதை ஒரு வீட்டுப் பெட்டியில் வைக்காமல் ஊராட்சி அலுவலகத்திலும் கோயிலிலும் பள்ளியிலும் ஒவ்வொரு படி வைத்து, விழா நாளில் சபையில் வாசித்து, வருகிற திருத்தங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும்.