சம்பளத்துக்கா, திடலுக்கா? ஊராட்சிப் பணமும் காற்பந்தும்: அம்பாங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மலேசியக் கிண்ணப் போட்டி 1921 முதல் நடந்துவருகிறது. 2003 வரை அதை மாநிலக் குழுக்களே வென்றுவந்தன. சிங்கப்பூரும் புருணையும் இடையிடையே எடுத்துச் சென்றதுண்டு. அந்த ஆண்டு அந்த மரபை உடைத்தது பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் பெயரில் ஆடிய குழு. இறுதியாட்டத்தில் சபாவை 3-0 என வீழ்த்தி, கிண்ணம் வென்ற முதல் கழகக் குழு என்ற பெயரை அது பெற்றது. பயிற்றுநர் டோல்லா சாலே. முன்வரிசையில் அர்ஜென்டினாவின் ஹுவான் அரோஸ்தேகி. அதற்குப் பின் மூன்று ஆண்டுகளில் அந்தக் குழு லீக்கிலேயே இல்லை. அதே 2006-இல் பெட்டாலிங் ஜெயா மாநகரத் தகுதி பெற்றது. குழு வென்றபோது ஊர் அதனால் பெரிதாக உயரவில்லை. குழு மறைந்தபோது ஊர் அதனால் தாழவும் இல்லை.

ஊராட்சி மன்றம் காற்பந்தில் பணம் போட்டால் நலிந்த ஊர் நிமிருமா என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சியே நல்ல தொடக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊராட்சிப் பணம் காற்பந்துக்குப் போக வேண்டும். ஆனால் அது திடலுக்குப் போக வேண்டும். ஆட்டக்காரர்களின் சம்பளப் பட்டியலுக்குப் போகக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கடந்த இருபது ஆண்டு வரலாறு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அம்பாங் போன்ற ஊருக்கு இது ஏட்டளவில் நிற்கும் வாதமும் இல்லை.

அம்பாங் கோலாலம்பூருக்கு மூத்த ஊர். 1857-இல் கிள்ளானின் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கேதான் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் 18 பேரே எஞ்சினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஈயம் கிடைத்தது, அதை ஏற்றி இறக்க ஆற்றுமுகத்தில் எழுந்த சந்தையே பிறகு தலைநகரானது. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானபோது அம்பாங் இரண்டாகப் பிளந்தது. தூதரகங்களும் மாளிகைகளும் நிற்கும் பக்கம் தலைநகரோடு போனது. பாண்டான், அம்பாங் புதுக்கிராமம், மலிவு விலை அடுக்குமாடிகள் உள்ள பக்கம் சிலாங்கூரில் நின்றது. சிலாங்கூர்ப் பக்கத்துக்கெனத் தனி நகராண்மைக் கழகம் 1992-இல்தான் அமைந்தது. இந்தப் பிளவு காற்பந்திலும் உண்டு. அம்பாங்கில் வளரும் பையன் சிலாங்கூர் குழுவுக்குக் கைதட்டுவான், இல்லையென்றால் கோலாலம்பூர் குழுவுக்கு. முதல்நிலை லீக்கில் ஊரின் பெயரில் ஒரு குழு கிடையாது. ஆகவே, நமக்கும் ஒரு குழு வேண்டாமா என்ற ஆசை எழுவது இயல்பு.

அந்த ஆசையைச் சட்டம் தடுக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு பூங்கா, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், விளையாட்டரங்கு ஆகியவற்றை அமைக்கவும் பராமரிக்கவும் ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு வரிசைப்படுத்துபவை பெரும்பாலும் இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டும் மதிப்பீட்டு வரி எந்த ஊரில் வசூலாகிறதோ, அந்த ஊர் மண்ணில் நிலைத்து நிற்கும் ஒன்றாகத் திரும்பி வர வேண்டும் என்பதே அதன் உட்கிடை என்று நான் வாசிக்கிறேன்.

இங்கே பணத்தோடு பொறுப்பையும் பேச வேண்டும். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அமைந்த அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அவருடைய அறிக்கை ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976 சட்டம் நியமன முறையை நிலைபெறச் செய்தது. இன்றும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. வாக்கால் தண்டிக்க முடியாத ஒரு மன்றம் வரிப்பணத்தை லீக் ஆட்டத்தில் பந்தயமாக வைத்தால், இழப்புக்கு யாரைக் கேட்பது? ஆதி நாகப்பன் எழுப்பிய கேள்வி காற்பந்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அம்பாங்குக்கு இதில் ஆழமான வடு ஒன்று உண்டு. 1993 டிசம்பர் 11 அன்று ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். மலைச்சரிவும் வடிகாலும் அந்த வழக்கின் மையம். நகராண்மைக் கழகத்துக்குச் சட்டக் காப்பு உண்டு எனக் கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எப்படியிருந்தாலும், இந்த ஊரின் மன்றம் ஒவ்வொரு வெள்ளியையும் செலவழிக்கும்போது சரிவும் சாக்கடையும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். காற்பந்துக்கான எந்தக் கோரிக்கையும் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க முடியும்.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழு 2017-இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்குக்கு ஏறியது. ஊரின் பெயர் கிடைத்தது. மாநகர் மன்றத்தின் கிளானா ஜெயா அரங்கு ஆட்ட இடமானது. கே. தேவனும் அவருக்குப் பின் பி. மணியமும் பயிற்றுநர்களாக இருந்தார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரரே இல்லாமல் உள்ளூர் இளைஞர்களை மட்டும் வைத்து உச்ச லீக்கில் நின்ற துணிவு அந்தக் குழுவுக்கு இருந்தது. இந்திய இளைஞர்களுக்கு அது திறந்துவிட்ட கதவு சிறியதல்ல. ஆனாலும் 2023 பருவம் தொடங்குமுன் அந்தக் குழு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. நம்மவர் பலர் அதைச் சொந்த வீட்டு இழப்பாகவே உணர்ந்தார்கள்.

அரங்கு மட்டும் எங்கேயும் போகவில்லை. ஷா ஆலாம் அரங்கு 2020-இல் மூடப்பட்டு 2024-இல் இடிக்கப்பட்ட நிலையில், சிலாங்கூர் குழு அதே கிளானா ஜெயா அரங்கில் ஆடிவருகிறது. ஒரே ஊரில் அந்த ஊரின் பெயர் தாங்கிய இரண்டு குழுக்கள் எழுந்து மறைந்தன. ஊராட்சி கட்டிய இடம் இன்னும் பயன்படுகிறது. என் வாதத்துக்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

காரணமும் மறைவானதன்று. மேல்நிலைக் குழு ஒன்றின் செலவில் பெரும்பகுதி சம்பளம். அந்தச் சம்பளத்தை வாங்குபவர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுவார். பணமும் அவரோடு போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆட்ட இரவில் நாசி லெமாக் கடைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் கிடைப்பதும், அந்த மக்கள் வேறெங்கோ செலவழித்திருக்கக்கூடிய பணமே. ரோஜர் நாலும் ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்டும் 1997-இல் தொகுத்த அமெரிக்க ஆய்வுகள், பெரிய அரங்குகளால் ஊர்ப் பொருளாதாரம் உயர்வதில்லை என்றே காட்டின. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் போகின்றன. இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஊராட்சி மன்றம் 2013-இல் உள்ளூர்க் கழகத்துக்கு அரங்கை விரிவாக்க 10.25 மில்லியன் பவுண்டு கடன் கொடுத்தது. கடனின் பெரும்பகுதி திரும்பவில்லை. ஒரு பக்கத்து இருக்கைக் கட்டடம் பல ஆண்டுகள் அரைகுறையாகவே நின்றது. அங்கே பணம் பெயரளவில் கட்டடத்துக்குத்தான் போனது. ஆனால் அது கழகத்தின் கை வழியாகப் போனது. இடத்துக்குச் செலவிட்டாலும் மன்றமே உரிமையாளராக நின்று, தானே ஒப்பந்தம் விட்டு, தானே கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது எச்சரிக்கை.

ஜப்பானின் காஷிமா இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்றாகத் தோன்றும். எஃகு ஆலையை நம்பிய அந்தச் சிற்றூருக்கு 1993-இல் தொடங்கிய ஜே லீக் பெரும் புகழ் தந்தது. இபராகி மாநில நிர்வாகம் அரங்கைக் கட்டியது. சுற்றியுள்ள ஊராட்சிகள் கழகத்தில் பங்குதாரர்களாகின. காஷிமாவின் வெற்றியை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே சம்பளச் சுமையைத் தாங்கியது ஒரு பெரும் எஃகு நிறுவனம். ஊராட்சிகள் சிறு பங்கையும் அதோடு வரும் பேச்சுரிமையையும் வைத்துக்கொண்டன. நம் ஊரில் பெயரை மன்றமும் பணத்தைப் புரவலரும் தந்தார்கள். பேச்சுரிமை மட்டும் ஊர் மக்களுக்கு வரவில்லை. புரவலர் மனம் மாறினால் குழு கலைந்துவிடும் என்ற நிலை இன்னும் மாறவில்லை. 2025-இல் பேராவும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கை விட்டு விலகியது அதையே சொல்கிறது.

அப்படியானால் அம்பாங்கில் எங்கே செலவிடுவது? மாலை மழைக்குப் பிறகு ஏதாவது ஒரு தாமான் திடலுக்குப் போய்ப் பாருங்கள். கோல் கம்பத்துக்கு முன்னால் புல் இருக்காது. கோல் காவலர் குதித்துக் குதித்துப் பள்ளமான இடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அடியில் களிமண், வடிகால் குழாய் போட்டிருக்க மாட்டார்கள், போட்டிருந்தால் அடைத்துப் போயிருக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பள்ளத்தாக்கில், மணலும் கூழாங்கல்லும் பரப்பி அதன் அடியில் குழாய் பதிக்காத திடல் பாதி ஆண்டு பயன்படாது. ஏழரை மணிக்கு இருட்டிவிடும். விளக்கு இல்லையென்றால், பகலில் வேலை செய்யும் இளைஞனுக்கு வார நாளில் அந்தத் திடல் இல்லாததற்குச் சமம். அவன் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஃபுட்சால் கூடத்துக்குப் போகிறான். வாடகை கொடுக்க முடியாதவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறான்.

இந்தப் படிக்கட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. தோட்டக் காலத்தில் லயங்களை ஒட்டி ஒரு திடல் இருந்தது. கோயில், கள்ளுக்கடை, பள்ளி ஆகியவற்றோடு அதுவும் தோட்டத்தின் அங்கம். ஆர். ஆறுமுகம் முதல் கே. ராஜகோபால் வரை நாடு போற்றிய இந்தியக் காற்பந்துக்காரர்கள் வந்த காலத்துக்குப் பின்னணியாக இருந்தது அந்தத் திடல்களின் உலகம். தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போயின. திடல் அவர்களோடு போகவில்லை. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக எழுந்த புக்கிட் ஜாலில் தேசிய அரங்கமே பழைய ரப்பர்த் தோட்ட நிலத்தில்தான் நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் எஞ்சிய குடும்பங்கள் 2011-இலும் வீட்டு நிலம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன. நாட்டின் மிகப் பெரிய அரங்கின் அடியில் இந்த வரலாறு புதைந்துள்ளது.

வீடமைப்புத் திட்டத்தில் பத்து விழுக்காட்டு நிலம் திறந்த வெளியாக விடப்பட வேண்டும் என்பது மலேசியத் திட்டமிடல் வழிகாட்டி. ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் என்பது தேசிய இலக்கு. நெருக்கியடித்த பாண்டானில் புதிய நிலம் கிடைக்காது. ஆகவே இருக்கும் திடலின் பயன்படும் நேரத்தைப் பெருக்குவதே வழி. வடிகாலும் விளக்கும் போட்டால் ஒரு திடல் இரண்டு திடலின் வேலையைச் செய்யும். தமிழ்ப்பள்ளித் திடல்களைப் பள்ளி நேரத்துக்குப் பின் மன்றம் பராமரித்து, வட்டாரக் குழுக்களுக்குத் திறந்துவிட உடன்பாடு காணலாம். இதற்கெல்லாம் ஆகும் செலவு, மேல்நிலைக் குழு ஒன்றின் ஒரு பருவச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் சிறிதே. பத்து ஆண்டு கழித்து எந்தப் புரவலர் விலகினாலும் அது மண்ணில் இருக்கும்.

பெரிய குழு தரும் பெருமிதத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. 2021-இல் கோலாலம்பூர் சிட்டி மலேசியக் கிண்ணத்தை வென்ற இரவில் பலர் கண்ணீர் விட்டார்கள்; அந்த உணர்வுக்கு விலை போட முடியாது. ஆனால் அந்தப் பெருமிதத்துக்கான செலவை ரசிகரும் புரவலரும் ஏற்கட்டும். வரிப்பணத்துக்கு உரியவள், இன்னும் எந்தக் குழுவிலும் சேராத பத்து வயதுப் பிள்ளை.

ஊராட்சி மன்றங்கள் ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டின் வரவுசெலவைத் தயாரிக்கின்றன. அம்பாங் குடியிருப்பாளர் சங்கங்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், இந்திய இளைஞர் அமைப்புகளும் அதற்கு முன்பே தங்கள் வட்டார நகராண்மைக் கழக உறுப்பினருக்கு எழுத வேண்டும். எந்தத் திடல், எத்தனை விளக்கு, வடிகால் எப்போது, பராமரிப்புக்கு எவ்வளவு என்று பெயர் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.