உதவித்தொகையின் கெடுவும் தரவரிசையின் ஏணியும்

தில்லியில் ஆண்டுதோறும் சேர்க்கைக் கடிதங்கள் வரும் காலத்தில் மாணவர்களிடையே ஒரே கேள்வி சுற்றிவரும். ஒரு மேலாண்மைப் பள்ளி உதவித்தொகையுடன் இடம் தந்திருக்கிறது. ஆனால் தரவரிசையில் அது நடுவில் நிற்கிறது. கிடைத்ததை ஏற்பதா, ஓராண்டு காத்திருந்து மேலிடத்திலுள்ள பள்ளிகளுக்கு மீண்டும் விண்ணப்பிப்பதா? அயல்நாட்டில் முனைவர் பட்டம் பெற விரும்புவோரும் இதையே கேட்கின்றனர். பெரும்பாலும் இது தனிமனிதத் துணிவைப் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. வரலாற்றில் வைத்துப் பார்த்தால், காத்திருக்கும் காலத்தின் விலையை யார் செலுத்துவது என்பதே இதன் உட்பொருள்.

தரவரிசை மிக இளையது. அமெரிக்க மேலாண்மைப் பள்ளிகளை ‘பிசினஸ் வீக்’ இதழ் முதன்முதலில் பட்டியலிட்டது 1988இல். உலகப் பல்கலைக்கழகங்களுக்கான ஷாங்காய் பட்டியல் 2003இலும், க்யூஎஸ் நிறுவனமும் டைம்ஸ் உயர்கல்வி இதழும் இணைந்து வெளியிட்ட பட்டியல் 2004இலும் வந்தன. இந்திய அரசின் என்ஐஆர்எஃப் பட்டியல் முதலில் வெளியானது 2016இல்தான். தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் புலம் 1954இலும், கல்கத்தா, அகமதாபாத் ஐஐஎம்கள் 1961இலும் தோன்றியபோது இத்தகைய ஏணி எதுவும் இருக்கவில்லை. உதவித்தொகையோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. கெடுவும் நிபந்தனையும் அதனுடன் பிறந்தவை.

இதற்கு நாம் நன்கறிந்த சான்று அம்பேத்கரின் மாணவப் பருவம். அவரது பட்டங்களின் பட்டியலை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அப்பட்டங்களுக்கு இடையிலிருந்த இடைவெளிகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அவ்வாண்டு ஜூன் 4 அன்று பரோடா அரசுடன் அம்பேத்கர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு; படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி. தமிழில் இதை ‘உதவித்தொகை’ என்கிறோம். அச்சொல் கொடுப்பவரின் கருணையைக் காட்டி, ஒப்பந்தத்தை மறைத்துவிடுகிறது. இளைஞர் ஒருவர் தம் வாழ்வின் பத்தாண்டுகளை முன்கூட்டியே ஈடுவைத்தார் என்பதே நடந்தது.

கொலம்பியாவில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916 மே மாதத்தில் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வாசித்தார். அவ்வாண்டே லண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் 1917இல் உதவித்தொகையின் காலம் முடிந்தது; படிப்பு முடியவில்லை. ஊர் திரும்பும் முன்பு அவர் செய்த ஒரு செயல் நம் கேள்விக்கு மிக முக்கியமானது: நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். கதவு சாத்தப்படும் முன் அதைத் திறந்துவைக்கும் ஏற்பாடு அது.

பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டு, சில நாட்களிலேயே பம்பாய் திரும்பினார். பத்தாண்டுப் பணி என்னும் நிபந்தனையை விதித்த அரசால், அப்பணியைச் செய்ய வந்தவருக்கு ஓர் அறையை உறுதிசெய்ய இயலவில்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1920இல் அவ்வேலையை விட்டு மீண்டும் லண்டன் சென்றார். கைவசம் இருந்தவை தம் சேமிப்பு, கோல்ஹாப்பூர் ஷாஹு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடன். 1921இல் எம்.எஸ்சி. பட்டமும், 1923இல் டி.எஸ்சி. பட்டமும் கிடைத்தன. உதவித்தொகை முடிந்ததற்கும் அவர் லண்டன் திரும்பியதற்கும் இடையே மூன்றாண்டுகள்.

ஆகவே ‘ஏற்பதா, காத்திருப்பதா’ என்னும் இருமை இவ்வரலாற்றில் நிற்பதில்லை. அவர் இரண்டையும் செய்தார். ஆனால் ஒரு வரிசையில் செய்தார். 1913இல், தந்தையை இழந்த நிலையில், கிடைத்ததை ஏற்றார். 1920இல், சம்பளமும் சேமிப்பும் நண்பரின் கடனும் துணைநின்றபோது, நிலையான வேலையைத் துறந்து விரும்பிய படிப்பை நாடினார். துணிவு இரு முறையும் இருந்தது. மாறியது அத்துணிவுக்குக் கீழிருந்த தரை.

இந்த அனுபவம் பின்னர் தில்லியில் கொள்கையாக உருக்கொண்டது. 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபரில் லின்லித்கோவிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கும் அயல்நாட்டுக் கல்விக்கும் ஆண்டுதோறும் நிதி கேட்டார். உயர்கல்வி பயிலும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மைய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அயல்நாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகைத் திட்டம் 1954-55இல் வந்தது.

இன்று அத்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. சேரும் பல்கலைக்கழகம் க்யூஎஸ் பட்டியலின் முதல் 500 இடங்களுக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. இதன் பொருளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உதவித்தொகையா, தரவரிசையா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வசதி படைத்தவர்க்கு மட்டுமே எஞ்சுகிறது. மற்றவர்க்கு இரண்டையும் அரசே ஒன்றாகக் கட்டிவிட்டது. தம் துறையில் தேர்ந்த ஆசிரியர் பட்டியலுக்கு வெளியே இருந்தால், அம்மாணவர் அவரை நாட வழியில்லை. 2022இல் வெளியான விதிமுறைகள் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் தொடர்பான ஆய்வுத் தலைப்புகளையும் விலக்கின. பரோடா பணத்தில் படித்த மாணவர் 1916இல் எடுத்துக்கொண்ட பொருளை ஆய்வுத் தலைப்பாக வைத்து, அவர் வழியில் பிறந்த திட்டத்திடம் பணம் கேட்க முடியாது என்பதே இதன் விளைவு.

மேலாண்மைப் பள்ளியின் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவர்க்கும் இவ்வரலாறு இரண்டு கேள்விகளைத் தருகிறது. முதலாவது, காத்திருக்கும் ஓராண்டுக்கு வாடகையும் தேர்வுக் கட்டணமும் வீட்டுச் செலவும் யார் தருவார்? விடை ‘குடும்பம்’ எனில், காத்திருப்பது ஓர் உத்தி. விடையே இல்லையெனில், அடுத்த ஆண்டு என்பது வெறும் நம்பிக்கை. இரண்டாவது, இன்று ஏற்பதால் நாளைய கதவு உண்மையில் மூடுகிறதா? சேர்க்கையைத் தள்ளிவைக்க இயலுமா, இடையில் விலகினால் தொகையைத் திருப்பித்தர வேண்டுமா, எத்தனை ஆண்டுகள் பணிக்கட்டு என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தரவரிசை எண் ஆண்டுதோறும் மாறும். எழுத்தில் உள்ள நிபந்தனை அவ்வாறு மாறாது. 1917இல் லண்டனில் பெற்ற அனுமதிதான் 1920இல் அம்பேத்கருக்குத் திரும்பிச்செல்லும் வழியாக இருந்தது.