முதியோரின் நண்பனா? – நியுமோனியாவும் அறிவுத் தேய்வும்

ஒரு நோய்க்கு மனிதன் இட்ட பெயர் அந்நோய் பற்றிய அவனது அறிவை மட்டுமன்றி அறியாமையையும் புலப்படுத்தக்கூடும். நுரையீரல் அழற்சியாகிய நியுமோனியா 'முதியோரின் நண்பன்' எனப் பெயர் பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இந்நோய் சித்தத்தையும் தாக்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். நுரையீரல் அழற்சியைத் தொடர்ந்து சித்தம் கலங்குமாயின் அது தீய அறிகுறி என்பது ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழிகளுள் ஒன்றாகும். எனினும் அது நோயின் போக்கை முன்னறிவிக்கும் குறியாகவே கொள்ளப்பட்டது. பிழைத்தெழுந்தவனின் அறிவு பின்னர் என்னவாயிற்று என்பது பற்றி அம்முதுமொழி எதுவும் கூறவில்லை.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த வில்லியம் ஒஸ்லர், தமது மருத்துவ நூலின் 1898ஆம் ஆண்டுப் பதிப்பில் நியுமோனியாவை முதியோரின் நண்பனாகக் குறிப்பிட்டார். அதிக துன்பமின்றி விரைவில் உயிரைக் கவர்வதால், முதுமையின் படிப்படியான சிதைவிலிருந்து அது மனிதரை விடுவிக்கிறது என்பது அவர் கருத்து. நோயை வெல்லும் மருந்து கைவராத காலத்து வைத்தியரின் ஆறுதல் மொழியாகவே இதனைக் கொள்ளல் வேண்டும். 1919 டிசெம்பரில், தமது 70ஆவது வயதில், ஒஸ்லரும் நியுமோனியாவினாலும் அதன் சிக்கல்களினாலுமே காலமானார்.

1938இல் சல்பாபிரிடீனும், 1940களிற் பென்சிலினும் பயன்பாட்டுக்கு வந்தபின் நிலைமை மாறியது. மரணத்தின் வாயிலிலிருந்து மீண்டோர் தொகை பெருகியது. மீண்டவர் முன்னைய அறிவோடுதான் மீண்டனரா என்ற வினாவும் காலப்போக்கில் எழுந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 5,888 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றின் தரவுகள் இவ்வினாவை ஆராயப் பயன்பட்டன. 2013இல் வெளியான அதன் முடிவு, தொடர்பு இருவழிப்பட்டது எனக் காட்டியது. அறிவாற்றல் சிறிது குன்றியோர் நியுமோனியாவுக்கு எளிதில் ஆளாயினர். நியுமோனியாவினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டோரிடையே, 'அறளை பெயர்தல்' என வழங்கும் அறிவுத் தேய்வு பின்னர் கூடுதலாகக் காணப்பட்டது.

இதற்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. குருதியில் ஒட்சிசன் குறைதலும், அழற்சியின்போது தோன்றும் பொருள்கள் மூளையைப் பாதித்தலும், நோயிடைத் தோன்றும் சித்தக் குழப்பமும் அவற்றுட் சிலவாம். மறுபுறம், அறிவு குன்றியோர் உணவை விழுங்குகையில் அது சுவாசப்பாதையிற் புகுந்து நியுமோனியாவை உண்டாக்குதலும் உண்டு. எனினும் இத்தொடர்பு கொண்டே ஒன்றை மற்றதன் காரணமென முற்றாகத் துணிதல் பொருந்தாது.

ஆயினும் ஒன்று தெளிவு. எச்சிதைவிலிருந்து முதியோரை விடுவிக்கும் நண்பனெனக் கருதப்பட்டதோ, அச்சிதைவுக்கே அது துணைபோகக்கூடும். ஆகவே, காய்ச்சல் தணிந்து வீடு திரும்பிய முதியவரின் மறதியை வயதின் இயல்பென ஒதுக்கிவிடாது கவனித்தல், வைத்தியருக்கும் உறவினருக்கும் உரிய கடமையாகும்.